ஐஸ் மெழுகிய இருதயராஜ்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலைப் பிரார்த்தனைக் கூட்டம் முடிந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கைப்பேசியில் இருதயராஜ் அண்ணன் பெயர் வந்தது. எடுத்ததுமே, "என்னங்கண்ணா, பெட்டியெல்லாம் கட்டியாச்சா?" என்று கேட்டேன். இன்னும் ஒன்பது நாளில் அவரும் அவர் மனைவி லூர்து அக்காவும் ஜெர்மனிக்குப் புறப்பட வேண்டும். பதில் சொன்ன குரல் அவருடையது இல்லை.

"பொம்மிடி ஸ்டேஷன்ல இருந்து பேசறங்க. இந்த போன் வச்சிருந்தவரு உங்களுக்கு என்ன வேணுங்க?"

இருபத்தாறு வருடமாக வரலாறு சொல்லிக்கொடுப்பவள் நான். 'வச்சிருந்தவரு' என்ற அந்த இறந்தகாலம் என் காதில் விழுந்தது. ஆனால் புத்தியில் ஏறவில்லை. "அவருகிட்டக் குடுங்க" என்றேன். அந்த மனிதர், "குடுக்க முடியாதுங்க" என்றார்.

லூர்து அக்காவின் தம்பி வீடு பொம்மிடியில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். ஊருக்குப் போவதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று காலையிலேயே பஸ் ஏறியிருக்கிறார். பாதையைக் கடக்க ரயில் நிலையத்துக்குள் வந்து, பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கடைசியாகப் பேசிய எண் என்னுடையது என்பதால் எனக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஆகவே லூர்து அக்காவிடம் போய்ச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பாப்பாரப்பட்டியில் என் பள்ளிக்கும் அவர்கள் வீட்டுக்கும் பத்து நிமிட நடை. நான் போனபோது அக்கா, ஜெர்மனியில் இருக்கும் தன் மகளுக்காக மாங்காய் ஊறுகாயைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ஸ்கூல் இல்லீங்களா டீச்சர்?" என்றார். சொல்ல வந்ததை என்னால் சொல்ல முடியவில்லை. "பொம்மிடி வரைக்கும் போலாங்க்கா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கையைக் கழுவினார். வீட்டைப் பூட்டினார். எதற்கு என்று கேட்கவில்லை. வாடகைக் கார் தர்மபுரியைத் தாண்டிய பிறகுதான், ஜன்னல் பக்கம் திரும்பியபடியே கேட்டார்: "இருக்காரா?"

"இல்லீங்க்கா."



இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு அவர் 'ஜெர்மன் ராஜ்'. பாப்பாரப்பட்டி சந்தையில் அரைக்கை பனியன் போட்டுக்கொண்டு தை மாதக் குளிரிலும் வெடவெடக்காமல் நிற்பவர். பங்குக் கோயிலில் ஜெனரேட்டர் மக்கர் செய்தால் முதலில் கூப்பிடப்படுபவர். ஆனால் அவர் அங்கே என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். தொழிற்சாலை என்பார்கள். லாரிக் கம்பெனி என்பார்கள். அவர் வேலை ஐஸ் செய்வது. தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறிய நகரத்தின் ஐஸ் ஹாக்கி மைதானத்தில், முப்பது வருடத்துக்கும் மேலாக. ஓய்வு பெற்ற பிறகுதான் ஊர் திரும்பினார்.

ஒரு விவசாயக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. மிஷன் பட்டறையில் டீசல் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டார். அங்கிருந்த ஒரு பாதிரியார் ஒரு வருடப் பயிற்சிக்கு அவரை ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தார். அந்த ஒரு வருடம் வாழ்நாளாகிவிட்டது. முதல் நாள், பட்டறைச் செருப்போடு ஐஸில் கால் வைத்து, வைத்த காலோடு மல்லாந்து விழுந்தாராம். அப்போது மைதானத்தின் பொறுப்பாளராக இருந்த வெர்னர் என்பவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, தன்னுடைய ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தாராம். "அவரு வெறும் சாக்ஸோட ஐஸ்ல நின்னாருங்க டீச்சர். அத நான் இன்னைக்கும் நம்பல" என்பார்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு துணிப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பை நிறைய பழைய ஆட்டத் துண்டுப் பிரசுரங்கள், புகைப்படங்கள். "கிளப்புக்கு ஆண்டு விழா வருது டீச்சர். அங்க வேலை செஞ்சவங்க எல்லாரும் தெரிஞ்சத எழுதி அனுப்பணுமாம். நீங்க சரித்திரம் படிச்சவங்க. நான் சொல்றன், நீங்க எழுதுங்க." ஜெர்மனியில் வேறொரு நகரத்தில் இருக்கும் மகள் கிளாரா அதை மொழிபெயர்த்துக் கொள்வதாகச் சொல்லியிருந்தாள்.

நான் தயங்கினேன். நேரே ஜெர்மன் மொழியிலேயே சொல்லிவிடலாமே என்றேன். அதற்கு அவர் சொன்னது நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது: "ஜெர்மன்ல சொன்னா வேலைக்காரன் சொல்ற மாதிரி இருக்குமுங்க. தமிழ்ல சொன்னாத்தான் நான் சொல்ற மாதிரி இருக்கும்."

அன்றைக்கே என்னைத் திருத்தவும் செய்தார். நான் 'பனி' என்று எழுதியிருந்தேன். அடிக்கச் சொன்னார். "பனி வானத்துல இருந்து வர்றது. ஐஸ் நாம செய்யறது. ரெண்டும் ஒண்ணு இல்லீங்க." ஐஸ் எப்படிச் செய்வது என்று கேட்டேன். "ராகி அடிக்கறதுக்கு முன்னால எங்கம்மா களம் மெழுகுவாங்க. சாணிய ஒரே தடவையில கெட்டியா அப்புனா வெடிச்சிரும். மெலுசாப் பூசணும், காய விடணும், மறுபடி மெலுசாப் பூசணும். ஐஸும் அப்படித்தான். தண்ணிய மெலுசா விட்டு உறைய விடணும். அதுக்கு மேல இன்னொண்ணு. வெர்னரு எனக்குச் சொல்லிக்குடுக்க வேண்டியதே இல்ல. எனக்கு அது கையிலயே இருந்துச்சு." ஆட்ட இடைவேளைகளில் ஐஸைச் சீவி வெந்நீர் பூசும் வண்டியை அவர்தான் ஓட்டினார். ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வெள்ளைத் தரையில் அவர் ஒருவர் மட்டும்.

கிளப்பின் பெயரை அவர் ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. 'நம்ம கிளப்' என்பார். நானும் இங்கே அப்படியே விட்டுவிடுகிறேன்.

நம்ம கிளப் பிறந்தது ஒரு செங்கல் சூளையில். சூளைக்கு மண் எடுத்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, குளிர்காலத்தில் உறைந்துவிடும். குளிர்காலத்தில் செங்கல் அறுக்க முடியாது. வேலையில்லாத ஆட்கள் அந்தப் பள்ளத்தில் ஆடத் தொடங்கினார்கள். மட்டைகளை அந்த ஊர்த் தச்சர் ஒருவர் செதுக்கிக் கொடுத்தார். கோல் காப்பவர் பழைய செய்தித்தாள்களை மடித்துக் கால்களில் வைத்துச் சாக்கால் சுற்றிக் கட்டிக்கொண்டாராம். பிறகு போர் வந்தது. அணிப் படத்தில் நின்றவர்களில் பலர் திரும்பி வரவில்லை. போருக்குப் பின், கிழக்கிலிருந்து வீடிழந்து வந்த அகதிகள் சூளையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களில் சிலர் நன்றாக ஆடுவார்கள். வந்தேறிகள் என்று அவர்களோடு பேசாத ஊர், அவர்கள் கோல் போட்டபோது கத்தியது. இந்த இடத்தைச் சொல்லும்போது அண்ணன் கொஞ்சம் சிரித்தார். "எனக்கும் அதான் நடந்துச்சு. வண்டிய நேராத் திருப்புனதும் என் பேரச் சொல்லிக் கத்துனாங்க."

குழாய் போட்டு ஐஸ் உறையவைக்கும் மைதானம் அதன் பிறகுதான் வந்தது. கூரை கிடையாது. ஆட்டத்தின் நடுவே பனி கொட்டினால், டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களே இறங்கி வாரிக் கொட்டுவார்கள். கூரை போட்ட வருடம்தான் அண்ணன் அங்கே வேலைக்குச் சேர்ந்தது. இரண்டாம் பிரிவு, முதல் பிரிவு என்று அணி மேலே போனது. ஒரே ஒருமுறை நாட்டின் சாம்பியன் ஆனது. அடுத்த சில வருடங்களில் நிர்வாகம் குலைந்து, அந்தப் பிரிவில் ஆடும் லைசென்ஸ் பறிபோனது. ஆட்டக்காரர்களில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் போய்விட்டார்கள். ஆகக் கடைசிப் பிரிவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. பக்கத்து ஊர்த் தபால்காரர்களும் பேக்கரிக்காரர்களும் ஆடும் பிரிவு அது. "முதல் மேட்சுக்கு யாரு வரப்போறான்னு நெனச்சிக்கிட்டே ஐஸ் போட்டனுங்க. கதவத் தொறந்தா, சாம்பியன் ஆன வருசத்தவிட ஜனம் ஜாஸ்தி" என்றார். அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். கண்ணைத் துடைக்கிறார் என்று தெரிந்தது. நான் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

இந்த வரலாற்றில் ஒரு வருடம் மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. முதல் பிரிவுக்கு உயர்ந்த வருடம். அதற்கு முந்தையதைச் சொல்வார், பிந்தையதைச் சொல்வார். நான் கேட்டபோது, "அது அப்பறம்" என்றார். கிளப்பின் பழைய மலர் ஒன்றில் அந்த வருடத்துக்கு இரண்டே வரிகள்: அணி உயர்வு பெற்றது, நம் விசுவாசமான மைதானப் பொறுப்பாளர் வெர்னர் ஒரு விபத்தில் காலமானார். இதை விரித்துச் சொல்லுங்கள் என்றேன். அடுத்த மூன்று ஞாயிறும் அவர் வரவில்லை. நான்காவது ஞாயிறு துணிப்பை இல்லாமல் வந்தார்.

மைதானத்துக்கு அடியில் ஓடும் குழாய்களைக் குளிர்விப்பது அம்மோனியா என்னும் நச்சு வாயு. அதை அழுத்தும் எந்திரங்கள் ஒரு தனி அறையில் இருக்கும். அந்த அறையில் ஒரு வால்வில் வாயுவைத் தடுத்து நிறுத்தும் அடைப்பு கசிவதை அண்ணன் மூக்கால் கண்டுபிடித்தார். அலுவலகத்தில் மேலாளரிடம் போய்ச் சொன்னார். எந்திரத்தை நிறுத்தினால் ஐஸ் போய்விடும், மூன்று நாளில் உயர்வுக்கான ஆட்டம் இருக்கிறது, அது முடியட்டும் என்றார் மேலாளர். அண்ணனும் சரி என்று வந்துவிட்டார். ஆட்டத்துக்கு முந்தைய நாள் காலை அண்ணன் வண்டியில் ஐஸ் சீவிக்கொண்டிருந்தார். வெர்னர் எந்திர அறைக்குள் போனார். அப்போது அடைப்பு விட்டுவிட்டது. தீயணைப்பு வண்டி வந்து அவரை வெளியே கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு நடந்தது. அணி ஜெயித்தது. விசாரணை வைத்தார்கள், பழைய பாகம், எதிர்பாராத விபத்து என்று முடித்தார்கள். முன்கூட்டியே யாருக்காவது தெரியுமா என்று அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வெர்னரின் இடத்தில் அவரையே நியமித்தார்கள்.

"அவரு சாவுதான் எனக்கு வேலை குடுத்துச்சு, டீச்சர். நான் சொன்னன். ஒரு தடவ சொன்னன். ரெண்டாவது தடவ சொல்லல. இத எழுதணுங்களா?"

நான்கு வருடமாக என் எதிரில் உட்கார்ந்து சூளையையும் சாக்குத்துணியையும் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன மனிதர் இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே மறைக்கக் கூடாது. "இந்த வருசத்த விட்டுட்டு எழுதுனா அது சரித்திரம் இல்லீங்கண்ணா" என்றேன். தரையைப் பார்த்தபடி, "அப்ப எழுதிக்கோங்க" என்றார். மேலாளர் பெயரை மட்டும் எழுதவிடவில்லை. "அவரு செத்துட்டாரு. பதில் சொல்ல முடியாதவரு பேரு எதுக்கு? என் பேரப் போடுங்க."

கிளாரா மொழிபெயர்த்து அனுப்பினாள். இரண்டு மாதம் பதில் இல்லை. விழாவுக்கு அழைப்பு வராது, அங்கே நண்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று அண்ணன் தன்னைத் தயார்செய்துகொண்டார். பிறகு கடிதம் வந்தது. அச்சிடுகிறோம், ஆனால் அதற்கு முன் வெர்னரின் மகள் ஊர்சுலா படிக்க வேண்டும், சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். சம்மதித்தார்.

ஊர்சுலா அழைத்தது, அண்ணன் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிறு பிற்பகல். என் வீட்டு மேசையில் கைப்பேசியை நிறுத்திவைத்து வீடியோவில் பேசினார். எனக்கு அந்த மொழி ஒரு சொல்லும் தெரியாது. அவர் கைகள் காற்றில் வால்வைத் திருகிக் காட்டுவதையும், வண்டி ஓட்டுவதையும், கதவைக் காட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். அசையாமல் கேட்டார். பிறகு சுருக்கமாக ஒன்று கேட்டார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மிக மெதுவாகப் பதில் சொன்னார்.

பேசி முடித்ததும் என்ன கேட்டார் என்றேன்.

"அப்பாவுக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. அடைப்பு கசியறது."

"தெரியுங்களா?"

"தெரியாது. நான் அவருகிட்டச் சொல்லவே இல்ல, டீச்சர். ஆபீஸ்ல சொன்னதே போதும்னு இருந்துட்டன். அதத்தான் சொன்னன்."

நோட்டில் இது இல்லை. அன்றுதான் எனக்கே தெரியும். 'தெரிந்தே போனார்' என்று அண்ணன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுத்துப் பேச உலகத்தில் ஒருவரும் இல்லை.

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கடைசியில, ஓட்டல்ல தங்க வேணாம், எங்க வூட்டுக்கு வந்துருங்கன்னாங்க."

செவ்வாய்க்கிழமை அவர் இல்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வரும்போது லூர்து அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அழுகை இல்லாத முகம். "முப்பது வருசத்துக்கு மேல உள்ளயே வச்சிருந்தாரு. எனக்கே கல்யாணமாகி பத்து வருசம் கழிச்சுத்தான் சொன்னாரு. அது பாட்டுக்கு உள்ளயே இருந்துருக்கும். நீங்க ஏன் டீச்சர் தோண்டுனீங்க?"

இதயக் குழாயில் வெகுகாலமாக இருந்த அடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் காகிதத்தை நானும் படித்தேன். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சேலையை மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மேசையில் அவர் கண்ணாடி வைத்த இடத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த அதிர்ச்சி இன்னும் என்னை விடவில்லை. இதை எழுத அக்காவிடம் அனுமதி கேட்டேன். "நடந்ததத்தான எழுதறீங்க, எழுதுங்க" என்றார்.

ஏழாம் நாள் பூசைக்கு மறுநாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். நின்றுகொண்டே பேசினார். "அன்னைக்குப் பேசுனது தப்புன்னு சொல்ல வரல. எனக்கு இன்னும் அப்படித்தான் தோணுது. ஆனா நாளைக்கு நான் போறன். வெர்னரு பொண்ணு போன் பண்ணுச்சு, எனக்கும் அவங்க வூட்லதான் ரூமாம். அவரு சொன்ன நோட்டு எனக்கு வேணும்." நான்கு வருட நோட்டுகள், ஐந்து. எடுத்துக் கொடுத்தேன். ஊறுகாய்ப் பாட்டில்களோடு அவையும் பயணப்பட்டன.

விழா முடிந்து அங்கிருந்து ஒருமுறை பேசினார். புத்தகம் வந்துவிட்டது, அந்த அத்தியாயம் ஒரு வரி குறையாமல் இருக்கிறது என்றார். மைதானத்தில் ஆட்டம் தொடங்கும் முன், வெர்னரைப் பற்றிய பக்கத்தை ஜெர்மன் மொழியில் வாசித்தார்களாம். பிறகு ஊர்சுலா, ராஜ் சொன்ன மொழியிலும் அதைக் கேட்க வேண்டும் என்று அக்காவைக் கூப்பிட்டாராம்.

"நாலு வரி படிச்சன், டீச்சர். ஒருத்தருக்கும் புரியல. நான் முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் உக்காரல."

அந்தப் பேச்சில் முதன்முறையாக அவர் குரல் உடைந்தது.

நோட்டுகள் என்னிடம் இல்லை. புகைப்படங்கள் கிளாராவிடம். அண்ணன் குரலைப் பதிவு செய்து வைக்கும் யோசனை இருவருக்குமே வரவில்லை. நம்ம கிளப் ஆடுவதை நான் இதுவரை ஒருமுறையும் பார்த்ததில்லை. பார்க்கவும் இப்போது தைரியமில்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒன்றுதான். அதைச் சொல்லி முடிக்கிறேன்.

எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் கைகழுவும் இடத்துக்கு மேலே ஒரு கான்கிரீட் பலகை இருக்கிறது. அதில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். பள்ளி திறந்த வாரமே தலைமையாசிரியரிடம் சொல்லியிருந்தேன். பழுது பார்க்க மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், அனுமதி வரும் என்றார். சரி என்று வந்துவிட்டேன். அண்ணனை அடக்கம் செய்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள், பையைக்கூட வைக்காமல் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

"அந்தப் பலகை விசயமாங்க சார்."

"அதான் போன மாசமே சொன்னீங்களே, டீச்சர்."

"ஆமாங்க சார். அதனாலதான் மறுபடியும் வந்தேன்."

உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. அவர் எழுந்து, என்னோடு நடந்து வந்தார். விரிசலை அண்ணாந்து பார்த்தார். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அந்தப் பக்கத்தைக் கயிறு கட்டி மறித்தார்கள்.